கூடக் கொஞ்சம் போட்டால் என்ன?

கேள்வி: குறைந்த விலைக் குட்டி லேப்டாப்பில் அப்படி என்ன ஈர்ப்பு? கூடக் கொஞ்சம் பணம் போட்டால் பெரிய திரையும் வேகமும் கிடைக்குமே. இது பொம்மைதானே?

பதில்: பொம்மையா? 1983-இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற குட்டிக் கணினியின் திரையில் தெரிந்தது 8 வரிதான், வரிக்கு 40 எழுத்து. பத்திரிகை நிருபர்கள் அதை விரும்பிச் சுமந்தார்கள். சாதாரண ஏஏ பேட்டரி நான்கு போட்டால் சுமார் 20 மணி நேரம் ஓடும். சுவிட்சைத் தட்டியதும் எழுதலாம். முடித்ததும் உள்ளேயே இருந்த மோடம் வழியாகத் தொலைபேசியிலேயே செய்தியை அனுப்பிவிடலாம். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு வந்த ஆஸ்போர்ன் 1-உம் கையோடு எடுத்துப்போகும் கணினி என்றுதான் விற்கப்பட்டது. எடை, 11 கிலோ!

நீங்கள் சொல்லும் 'கூடக் கொஞ்சம்' இருக்கிறதே, குட்டிக் கணினிகளைக் கெடுத்ததே அதுதான் என்பேன். 2007-இல் ஆசுஸ் கொண்டுவந்த ஈ பிசி 701-க்கு 7 அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு, லினக்ஸ் இயங்குதளம். எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. சுழலும் வட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், இல்லாததால் குலுங்கினாலும் பயமில்லை. அது விற்றதும் ஆளாளுக்குக் களத்தில் இறங்கினார்கள். திரை 10 அங்குலமானது, 12 ஆனது. ஹார்ட் டிஸ்க் வந்தது, விண்டோஸ் வந்தது. எடையும் விலையும் ஏறின, வேகம் மட்டும் ஏறவில்லை. அப்புறம் யார் வாங்குவார்கள்? 2010-இல் ஐபேட் வந்ததும் பலர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

என்னிடமும் விலை கூடிய பெரிய லேப்டாப் ஒன்று உண்டு. கீறல் விழுமோ, தொலைந்துபோகுமோ என்று பயந்து பயந்தே அதை மேசையை விட்டு நகர்த்துவதில்லை. பையில் எப்போதும் கிடப்பது குட்டிதான். ரயிலில் முன் இருக்கைக்காரர் சாய்ந்துகொண்டால் பெரிய திரை பாதிக்கு மேல் திறக்காது. குட்டியை மடியில் வைத்து, திரையை நேராக நிமிர்த்தி, இறங்குவதற்குள் ஒரு கட்டுரையையே முடித்திருக்கிறேன்.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. படம் எடிட் செய்பவருக்கு இது உதவாது. விசைப்பலகையும் சோதிக்கும். நான் முன்பு வைத்திருந்த ஒன்றில் வலது ஷிஃப்ட் விசை, மேல் அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஷிஃப்ட் என்று நினைத்து அம்புக்குறியைத் தட்டிவிடுவேன். எழுத்து மேல் வரிக்குள் போய் விழும். அதனால் வாங்கும் முன் கடையிலேயே நின்று ஒரு பத்தியாவது தட்டிப் பாருங்கள்.