வாசகர் கேள்வி – பதில்: சார்ஜ் ஏறாத டிரில் பேட்டரி

கேள்வி: பல மாதம் பெட்டியிலேயே கிடந்த 18 வோல்ட் லித்தியம் டிரில் பேட்டரி சார்ஜ் ஏற மறுக்கிறது, சிவப்பு விளக்கு மட்டும் மின்னுகிறது. நல்ல பேட்டரி ஒன்றோடு ஒயர் போட்டு இணைத்தால் உயிர் வந்துவிடும் என்கிறார்களே, செய்யலாமா?
– தச்சர், நாகர்கோவில்

பதில்: செய்யாதீர்கள். சில நேரம் அது வேலை செய்துவிடும், ஆபத்தே அதில்தான். வோல்ட் அளவுக்கு மீறி இறங்கியதால்தான் சார்ஜர் மறுக்கிறது. ஒயர் போட்டால் எவ்வளவு கரண்ட் பாய்கிறது என்பதற்குக் கணக்கே இல்லை.

முதலில் பேட்டரி பேக்கைத் திறந்து பாருங்கள். ஸ்க்ரூ பெரும்பாலும் நட்சத்திரத் தலையோடு இருக்கும். உள்ளே தொடர் இணைப்பில் ஐந்து செல்கள் (பத்து இருந்தால் ஐந்து ஜோடிகள்). மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து ஒவ்வொன்றையும் தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நான்கு 3.4 காட்டும், ஒன்று மட்டும் 2.3-க்கு இறங்கியிருக்கும். பழுது பெரும்பாலும் இப்படித்தான்.

2 வோல்ட்டுக்குக் கீழே போன செல்லைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். அந்த நிலையில் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்குகிறது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருந்தால் முயலலாம். வோல்ட்டையும் கரண்டையும் மாற்றி வைக்கக்கூடிய பவர் சப்ளையில் 4.2 வோல்ட், 100 மில்லி ஆம்பியர் வைத்து அந்த ஒரு செல்லுக்கு மட்டும் கொடுங்கள். 3 வோல்ட் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள். தொட்டால் சூடு தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். பிறகு மற்ற செல்களின் அளவுக்கு ஏற்றிவிட்டுச் சார்ஜரில் போடலாம். முழு சார்ஜ் ஆனபின் ஒரு வாரம் சும்மா வைத்து மறுபடி அளங்கள். மற்றவற்றைவிட 0.1 வோல்ட் கூடுதலாக இறங்கிய செல் கெட்டதுதான்.

செல்கள் எல்லாம் சரியாக இருந்தும் சார்ஜர் மறுத்தால் சந்தேகம் பேக்குக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் போர்டு மேல். சில பேக்குகளில் சார்ஜ் சில முறை தோற்றதும் போர்டு தன்னைத்தானே நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும்.

கேள்வி: 12 வோல்ட் டிரில்லில் மலிவான புது செல்கள் மூன்று போட்டேன். சும்மா சுற்றுகிறது, சுவரில் வைத்து அழுத்தினால் நின்றுவிடுகிறது. ஏன்?
– எலக்ட்ரீஷியன், திருப்பூர்

பதில்: நீங்கள் போட்டவை டார்ச்சுக்கும் பவர் பேங்குக்கும் உரிய செல்கள். டிரில் அழுத்தத்தில் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு செல்லின் உள்தடை 80 மில்லி ஓம் என்றால் மூன்றுக்கும் சேர்த்து 0.24 ஓம், 15 ஆம்பியரில் 3.6 வோல்ட் உள்ளேயே போய்விடும். 20 மில்லி ஓம் செல்லில் இழப்பு 0.9 வோல்ட்தான். ஆகவே வாங்கும்போது எம்.ஏ.எச். (செல்லின் கொள்ளளவு) எண்ணைவிட, எத்தனை ஆம்பியர் தரும் என்பதைக் கேளுங்கள்: சாம்சங் 25ஆர் 2500 எம்.ஏ.எச்., 20 ஆம்பியர். 30க்யூ 3000 எம்.ஏ.எச்., 15 ஆம்பியர். 18650 (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம்) அளவில் 5000, 9900 எம்.ஏ.எச். என்று அச்சடித்திருந்தால் அது பொய். நல்ல செல் ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். போலிகள் பலவும் 30 கிராமைத் தாண்டாது. தராசு பொய் சொல்லாது.

பழையதும் புதியதும் கலக்காமல் மொத்தமாக மாற்றுங்கள். இணைக்கும் முன் எல்லாச் செல்லும் 0.05 வோல்ட்டுக்குள் ஒத்திருக்க வேண்டும். சால்டரிங் அயர்னைச் செல் மேல் வைக்காதீர்கள். சூட்டில் சீலும் உள்சவ்வும் கெடும். ஸ்பாட் வெல்டிங் செய்யும் கடையில் 0.15 மி.மீ. தடிமன், 8 மி.மீ. அகல நிக்கல் பட்டை கேளுங்கள். நிக்கல் பூசிய இரும்புப் பட்டையை நிக்கல் என்றே தலையில் கட்டுவார்கள். இரண்டுமே காந்தத்தில் ஒட்டும், அதனால் அந்தச் சோதனை வீண். கீறி, இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் போடுங்கள். துரு பிடித்தால் இரும்பு. ப்ளஸ் முனையில் காகித வளையம் ஒட்ட மறக்க வேண்டாம். அதைச் சுற்றியுள்ள விளிம்பே மைனஸ்தான்.

கேள்வி: பழைய 14.4 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு வெல்டிங் மெஷினால் ஷாக் கொடுக்கலாமா?
– வாசகர், கரூர்

பதில்: உள்ளே முளைத்த உலோக இழை எரிந்துபோகும், மீட்டர் 1.2 வோல்ட் காட்டும். ஆனால் சவ்வில் விழுந்த ஓட்டை அப்படியே இருப்பதால் சில நாளில் பழைய கதைதான். வெடித்தால் கண்ணுக்கு ஆபத்து. சப்-சி அளவில் 12 புது செல்கள் மாற்றுவதே வழி. நான்கு லித்தியம் செல்லும் அதே 14.4 வோல்ட்தான்; ஆனால் பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்துக் காக்கும்) போர்டும், 16.8 வோல்ட் லித்தியம் சார்ஜரும் கட்டாயம். பழைய சார்ஜரில் போட்டால் தீப்பிடிக்கலாம். காட்மியம் நஞ்சு என்பதால் கழற்றிய செல்களைக் குப்பையில் போடாதீர்கள். அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன.