பேயா, பித்தா, மாத்திரையா?

மனநல மருத்துவரான நான், புதிதாக வருகிறவர்களிடம் பெயர், வயது கேட்டதுமே கேட்பது, "மாத்திரைப் பையைக் கொண்டுவந்தீர்களா?" என்றுதான். "அதெல்லாம் பி.பி., சுகர் மாத்திரை டாக்டர். மனசுக்குன்னு எதுவும் சாப்பிடலை" என்று பலரும் கையை விரிப்பார்கள். விடை சில நேரம் அந்த 'அதெல்லாம்' உள்ளேதான் கிடக்கும். இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பல அந்தப் பையைச் சுற்றியே இருந்தன.

அம்மாவுக்கு 76 வயது. பத்து நாட்களாக, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் யாரோ நிற்பதாகச் சொல்கிறார். என்னை இறந்துபோன மாமாவின் பெயரால் கூப்பிடுகிறார். ராத்திரியில் அதிகமாகிறது. பக்கத்து வீட்டில் மந்திரிக்கச் சொல்கிறார்கள். மனநல மருந்து தேவையா? மூன்று வாரம் முன்பு பி.பி. மாத்திரை மாற்றினார்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் எனக்கு முதல் வரி. 76 வயதுவரை தெளிவாக இருந்தவருக்குப் பத்தே நாளில் பைத்தியம் பிடிக்காது. இப்படித் திடீரென்று வந்து, இரவில் கூடிப் பகலில் குறையும் குழப்பத்துக்கு உடம்பில்தான் காரணம் தேட வேண்டும். இன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையும் சிறுநீரில் கிருமித்தொற்றும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

பி.பி. மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'எச்', 'சி.எச்.' என்று ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அது சிறுநீரை அதிகம் பிரிக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் சேர்ந்தது என்பதற்கு அடையாளம். நல்ல மருந்துகள்தான். ஆனால் வயதானவர்களில் சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, சோடியத்தை இறக்கிவிடும். இருக்க வேண்டியது 135 முதல் 145. அது 125-க்கும் கீழே போனால் நடை தள்ளாடும், பேச்சு குழறும், ஆள் அடையாளம் மாறும். வலிப்பும் வரலாம். கையில் கருப்புக் கயிறும் நெற்றி நிறைய விபூதியுமாக ஒரு பாட்டியை என்னிடம் கூட்டி வந்தார்கள். சோடியம் 116. நான்கு நாள் கழித்து வார்டில் உட்கார்ந்து, காபி ஆறிப்போய்விட்டது என்று மருமகளிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்!

உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இறங்கிய சோடியத்தை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் மூளைக்கே சேதம். சளிக்கு, வயிற்றுப் பிடிப்புக்கு, தூக்கத்துக்கு என்று தனியாக ஏதாவது வாங்கிக் கொடுத்திருந்தால் அந்த அட்டைகளையும் எடுத்துப் போங்கள். குளோர்பெனிரமைன், டைசைக்ளோமின், அமிட்ரிப்டிலின் போன்றவை இந்த வயதில் தனியாகவே குழப்பத்தைக் கிளப்பக்கூடியவை.

ஆறு வயது மகன். தும்மல், மூக்கடைப்புக்கு இரவு ஒரு மாத்திரை. ஒரு மாதமாகத் தூக்கத்தில் அலறி எழுகிறான். பகலிலும் தொட்டதற்கெல்லாம் அழுகை. மருந்தின் பெயரில் மான்டிலுகாஸ்ட், லெவோசெட்ரிசின் என்று இருக்கிறது.

சந்தேகம் நியாயமானது. மான்டிலுகாஸ்ட்டால் கெட்ட கனவு, எரிச்சல், தூக்கத்தில் நடப்பது, அபூர்வமாகத் தற்கொலை எண்ணம்கூட வரலாம் என்பதற்காக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 மார்ச்சில் மருந்தின் குறிப்பேட்டில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. வெறும் அலர்ஜி மூக்கொழுகலுக்கு, மற்ற மருந்து ஒத்துவராதபோது மட்டும் கொடுக்கலாம் என்றும் சொன்னது. நம் ஊரில் மழைக்காலம் வந்தாலே இது சர்வசாதாரணமாக எழுதப்படுகிறது என்பது என் மனத்தாங்கல்.

மகனுக்கு ஆஸ்துமா இளைப்பு கிடையாது, தும்மல் மட்டும்தான் என்றால், டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டு நிறுத்துவது எளிது. இளைப்புக்காகக் கொடுத்திருந்தால் மாற்று ஏற்பாடு செய்த பிறகே நிறுத்த வேண்டும். மாத்திரை தொடங்கிய தேதியையும் முதலில் அலறிய இரவையும் காலண்டரில் குறித்துக்கொண்டு போங்கள்.

அக்காவுக்குத் தோல் கொப்புள நோய். தினமும் 60 மில்லிகிராம் பிரெட்னிசலோன். பத்து நாளில் ஆளே மாறிவிட்டார். இரண்டு மணி நேரம்தான் தூக்கம். விடியற்காலை மூன்று மணிக்குப் பரணை ஒழிக்கிறார். ஒரே நாளில் போனில் பதினோரு சேலை ஆர்டர். மாத்திரையை நிறுத்திவிட்டோம், சரிதானே?

இல்லை. இதைப் படித்ததும் தோல் டாக்டருக்குப் போன் போடுங்கள். பிரெட்னிசலோன் ஒரு ஸ்டீராய்டு. அதைச் சாப்பிடும்போது, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டுவிடும். வாரக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் பி.பி. இறங்கி மயங்கி விழலாம். அக்காவுக்குப் பத்து நாள்தான் ஆகிறது என்றாலும், கொப்புள நோய் திரும்பச் சீறும் ஆபத்து இருக்கிறது.

அக்காவுக்கு வந்திருப்பது ஸ்டீராய்டு கிளப்பிவிட்ட மனஎழுச்சிபோலத் தெரிகிறது. இது மருந்தின் அளவோடு கூடுகிற விஷயம். 1972-இல் பாஸ்டனிலிருந்து வெளிவந்த பழைய ஆய்வை இன்றும் மேற்கோள் காட்டுகிறோம்: நாளுக்கு 40 மில்லிகிராம் வரை சாப்பிட்டவர்களில் 1.3 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு வந்தது. 80-ஐத் தாண்டியவர்களில் அது 18.4 சதவீதம். பெரும்பாலும் முதல் ஓரிரு வாரத்திலேயே தெரிந்துவிடும். தோல் டாக்டரும் மனநல மருத்துவரும் பேசி அளவைக் குறைப்பார்கள், சில வாரங்களுக்கு மனதை அடக்க ஒரு மருந்து சேர்ப்பார்கள். பிரெட்னிசலோனைக் காலை உணவுக்குப் பிறகு ஒரே வேளையாகக் கொடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். இரவில் விழுங்கினால் உள்ள தூக்கமும் போய்விடும். அதுவரை அக்காவின் ஏ.டி.எம். கார்டு உங்களிடம் இருக்கட்டும்.

'ஸ்டீராய்டே சாப்பிடவில்லை' என்பவர்களிடம் மூட்டுவலிப் பொடி ஏதாவது உண்டா என்று நான் கேட்பது வழக்கம். பெயரில்லாத பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது புதிதல்ல.

கணவருக்கு விபத்துக்குப் பிறகு வலிப்பு. லெவெடிராசெட்டம் ஆரம்பித்ததிலிருந்து சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிகிறார். முன்பு அதிர்ந்து பேசாத மனிதர்.

இந்த மருந்துக்கு ஊரறிந்த குணம் அது. தலைக்காயமும் கோபத்தை உண்டாக்கும் என்பதால், தட்டு பறந்தது மாத்திரைக்கு முன்பா பின்பா என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், சிலருக்கு வைட்டமின் பி6 சேர்த்துப் பார்ப்பதுண்டு, வேறு வலிப்பு மருந்துக்கு மாறவும் வழியிருக்கிறது. ஒரே ஒரு வேளைகூட நீங்களாக நிறுத்த வேண்டாம். விடாமல் தொடரும் வலிப்பு உயிரை எடுக்கும்.

மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்தால் எல்லா மருந்தும் பைத்தியமாக்கும்போல இருக்கிறது. எதைத்தான் நம்புவது?

தேதியை நம்புங்கள். மருந்து ஆரம்பித்த, அளவு கூட்டிய, அல்லது நிறுத்திய சில நாள், சில வாரத்துக்குள் மனமாற்றம் வந்ததா? குறைத்ததும் தணிந்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால் சந்தேகம் வலுக்கிறது. ஐந்து வருடமாக ஒரே அளவில் ஓடும் மாத்திரையை இன்றைய மனச்சோர்வுக்குக் குற்றம் சொல்வதற்கு முன் வேறு காரணங்களைத் தேட வேண்டும். சந்தேகம் வந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே புகார் பதியலாம். மருந்துகளின் பக்கவிளைவைக் கண்காணிக்கும் மத்திய அரசுத் திட்டத்தின் எண் அது.

ஒற்றைத் தலைவலிக்கு நான்கு மாதமாக ஃபுளூனரிசின். தலைவலி குறைந்தது, ஆனால் காரணமில்லாமல் அழுகை வருகிறது.

ஃபுளூனரிசின் மனச்சோர்வைக் கொண்டுவரும். எடையும் தூக்கமும் கூடும். கை நடுக்கமும் வரலாம். முன்பு எப்போதாவது மனச்சோர்வு இருந்ததா என்று கேட்டுவிட்டு எழுத வேண்டிய மருந்து. உங்களைக் கேட்டார்களா தெரியவில்லை. மாற்று மருந்துகள் பல உண்டு, போய்க் கேளுங்கள். சாகலாம்போலத் தோன்றினால் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 இரவிலும் எடுக்கப்படும்.

அப்பாவுக்கு 61. பார்க்கின்சன் நோய்க்கு பிரமிபெக்ஸால் சாப்பிடுகிறார். கல்யாண வீட்டில்கூடச் சீட்டைத் தொடாதவர், எட்டு மாதத்தில் ஆன்லைன் ரம்மியில் பி.எஃப். பணம் நான்கு லட்சத்தைத் தொலைத்திருக்கிறார். வயசான காலத்தில் புத்தி கெட்டுவிட்டது என்று வீட்டில் யாரும் அவரோடு பேசுவதில்லை.

முதலில் பேசுங்கள். நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும், டோபமின் என்ற மூளை வேதிப்பொருளைப்போல வேலை செய்கிற மாத்திரை இது. 'இன்னும் ஒரு முறை' என்று ஆசையைத் தூண்டும் மூளைப் பாதையையும் சேர்த்துத் தட்டிவிடுகிறது. சூதாட்டம், கண்டதை வாங்குவது, அடக்க முடியாத தீனி, காம இச்சை என்று ஆளுக்கு ஒரு வடிவம். 3,090 பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், இந்த வகை மருந்து சாப்பிட்டவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு இந்தத் தொல்லை இருந்தது. சாப்பிடாதவர்களில் 6.9. யாரும் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள், வெட்கம். நாங்களும் கேட்பதில்லை.

நரம்பியல் டாக்டரிடம் தொகையைச் சொல்லியே பேசுங்கள். 'கொஞ்சம் விளையாடுகிறார்' என்று பூசி மெழுகினால் அவர் 'பார்க்கலாம்' என்று விட்டுவிடுவார். பிரமிபெக்ஸாலைப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள், இதே நோய்க்கான இன்னொரு மருந்தான லெவோடோபாவைத் தேவைக்கேற்பக் கூட்டுவார்கள். சட்டென்று நிறுத்தினால் பதற்றமும் வியர்வையும் மனச்சோர்வுமாக அவரைப் போட்டு உலுக்கிவிடும். என்னிடம் வந்த ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் அளவு குறைந்த இரண்டாவது மாதம் சொன்னார்: "கட்டுப்படுத்திக்கிட்டேன்னு சொல்லமாட்டேன் டாக்டர். ஞாபகமே வரலை."

அதுவரை அப்பாவின் சம்மதத்தோடு, போனில் இருக்கும் பணப்பரிமாற்ற ஆப்பை எடுத்துவிட்டு, வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து என்று மாற்றிவிடுங்கள். கடன் ஆப் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். பி.எஃப். தீர்ந்த பிறகு பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்பார்கள்.