பஞ்சு பறக்கற வீட்டுல கேமிங் பிசி வாங்கலாமுங்களா?

சோமனூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காப்ல: "அண்ணா, வீட்டை ஒட்டியே தறி குடோன். நானு மில்லுல ஷிஃப்ட் பாக்கறேன், ரவைக்கு ஒரு ரெண்டு மணி நேரந்தான் விளையாட முடியும். டிவில மாட்டி விளையாடற பிஎஸ் 5 கான்சோல் வாங்கறதா, கேமிங் பிசி போடறதா? பிசின்னா எந்நேரமும் கழட்டி மாட்டிட்டே இருக்கோணும்னு ஃப்ரெண்ட்ஸ் பயமுறுத்தறாங்க, நெசமுங்களா?"

பாதி நெசம் தம்பி. பிசிக்கு வேலை எச்சுதான், ஆனா உங்க ஃப்ரெண்ட்ஸ் சொல்ற கழட்டி மாட்டற வேலை இல்லீங்க அது. தூசி எடுக்கற வேலை ரெண்டுக்கும் உண்டு, அதுலயும் உங்க வீட்டுக்கு பிசிதான் சுளுவு. பிசி நம்மள உக்கார வெக்கறது வேற விஷயத்துல, அத அப்பறம் சொல்றேன், மொதல்ல பஞ்சு.

தறி பஞ்சும் சாதா தூசியும் ஒண்ணு இல்லைங்க. பாவு நூலுக்கு கஞ்சி போடறாங்கல்ல, தறி ஓடறப்ப அந்தக் கஞ்சித் துகளும் பஞ்சோட சேந்துதான் பறக்குது, சித்த ஈரக்காத்து பட்டா அப்படியே ஒட்டிக்கும். ஒருக்கா தறிக்காரர் ஒருத்தர் வீட்டு பிஎஸ் 4 எங்கிட்ட வந்துச்சு, ஆன் பண்ணா ஃபேன் மிக்ஸி மாதிரி கத்துது, அரை மணி நேரத்துல சூடாகி ஆஃப் ஆகுது. தொறந்து பாத்தா ஹீட் சிங்க் (சூட்டை இழுத்து வெளிய விடற உலோகத் தகடு) மேல கம்பளி கணக்கா பஞ்சு, ட்வீசர்ல ஓரத்தைப் புடிச்சு இழுத்தேன், தோசை எடுத்தாப்ல முழுசா ஒரே தகடா வந்துச்சு. நாலு வருசமா ஒருக்கா கூட சுத்தம் பண்ணலையாம், "கான்சோல்ல என்னங்க இருக்குது தொறக்கறதுக்கு"ன்னு அவரு என்னைய கேக்கறாரு.

பிசில இது வெகு லேசு. கேபினெட் வாங்கறப்பவே முன்னாடி, மேல, அடில கழட்டற மாதிரி வலை ஃபில்டர் இருக்கான்னு பாத்துக்கோங்க, காத்தை உள்ள இழுக்கற ஃபேன் வெளிய தள்ற ஃபேனைவிட ஒண்ணு எச்சா இருக்கட்டும், அப்பத்தான் சந்துபொந்து வழியா பஞ்சு இழுக்காது. வாரம் ஒருக்கா ஃபில்டரை உருவி பைப்புல காட்டி நல்லா காய வெச்சு மாட்டுனா முடிஞ்சுது. மூணு மாசத்துக்கு ஒருக்கா சைடு பேனலைத் தொறந்து பிளோயர், மூணு நாலு வருசத்துக்கு ஒருக்கா பிராசசருக்கு சூடு கடத்தற பேஸ்ட்டு. விளையாடறப்ப டெம்பரேச்சரைப் பாருங்க, முன்ன எழுபதுல நின்னது இப்ப அதே கேமுக்கு தொண்ணூறத் தொடுதுன்னா பஞ்சு அடைச்சிருக்குன்னு அர்த்தம்.

பிஎஸ் 5-லயும் வழி இருக்குதுங்க, சைடு மூடிய ஸ்க்ரூவே இல்லாம கழட்டலாம், உள்ள தூசி சேர்றதுக்குன்னே ஓட்டை விட்டிருக்காங்க, வேக்கூம வெச்சு மெதுவா இழுத்தா வந்துரும். ஆனா அதுக்கும் உள்ள ஹீட் சிங்க் வரைக்கும் பஞ்சு போயிருச்சுன்னா நீங்க கை வெக்காதீங்க. அதுல பேஸ்ட்டுக்கு பதிலா லிக்விட் மெட்டல், கரண்ட் கடத்தற சாமான், ஒரு சொட்டு போர்டு மேல வழிஞ்சாலும் மொத்தமும் போச்சு.

ஒண்ணு மட்டும் கையெடுத்துக் கும்புட்டு கேட்டுக்கறேன், குடோன்ல பஞ்சு அடிக்கறதுக்கு கம்ப்ரஸர் இருந்தா அதைக் கொண்டாந்து இதுல அடிச்சுராதீங்க. அதுல தண்ணியும் ஆயிலும் சேந்து வரும். சின்ன பிளோயரா இருந்தாலும் ஃபேன் சுத்தாம விரல்ல புடிச்சுக்கோணும், நான் ஆரம்பத்துல ஃபேன் விர்ருனு சுத்தறது ஜோரா இருக்குதேன்னு அடிச்சு பேரிங் போயி, கஸ்டமருக்கு எங்காசுல ஃபேன் வாங்கி மாட்டுனவன்.

கரண்ட்டுக்கு ரெண்டுக்கும் ஒரே சட்டம்தான். வீட்டுல இன்வெர்டர் இருந்தா சைன் வேவான்னு பாருங்க, சுவிட்ச் யூபிஎஸ் மோட்ல இருக்கோணும், இல்லீன்னா கரண்ட் மாறற அந்த இமைப்பொழுதுல பிசி ரீஸ்டார்ட் ஆயிரும்.

இப்ப கீபோர்டு வேலைக்கு வாரேன், பிசி பொழுதைத் திங்கறது இங்கதான். கிராபிக்ஸ் டிரைவர், விண்டோஸ் அப்டேட், புது கேம் மொதல் தடவை தொறந்தா ஷேடர் கம்பைல் (கேமோட படத்தை உங்க கிராபிக்ஸ் கார்டுக்கு தோதா தயார் பண்றது) ஆகற வரைக்கும் காத்திருக்கறது, அப்பறம் எந்த செட்டிங்ஸ் வெச்சா திக்காம ஓடும்னு தடவிட்டு உக்காந்திருக்கறது. விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது, விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்பு வசதி பிசில வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாவது ஜெனரேசனாவது இருக்கோணும். ஆபீஸ்ல கழிச்சுவிட்ட ஆறாவது ஜெனரேசன் ஐ5-அ சல்லிசா வாங்கி கிராபிக்ஸ் கார்டு சொருகிக்கலாம்னு யாராச்சும் சொன்னா வேண்டாம்னுருங்க. வேலரண்ட் மாதிரி கேம் விண்டோஸ் 11-ல டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் (பிசி ஆன் ஆகறப்ப கள்ள சாப்ட்வேர் நுழையாம பாக்கறது) இல்லாம தொறக்கவே தொறக்காது, விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற பயாஸ் செட்டிங்ஸ்க்குள்ள போயி தேடோணும். எனக்கு இதெல்லாம் புடிக்கும், விளையாடறதைவிட நோண்டறதுதான் எச்சு, ஊட்டுல இதுக்கே தெனமும் ஓரியாட்டம். ஒரு தடவை நல்லா ஓடிட்டா சும்மா சும்மா டிரைவர் மாத்தாதீங்க, அதுலயே பாதி வேலை கொறையும்.

கான்சோல்ல இந்தத் தொல்லை இல்ல, அப்டேட் மட்டும் உண்டு. 100 ஜிபி கேம் 100 எம்பிபிஎஸ் லைன்ல இறங்க ரெண்டே கால் மணி நேரம் ஆகும், உங்க ஒரு ராத்திரி அப்படியே போச்சு. ரெஸ்ட் மோட்ல விட்டுட்டு ஷிஃப்டுக்குப் போனா அதுவே இறக்கி வெச்சிருக்கும், மாசாந்திர கரண்ட் ஷட்டவுன் அன்னைக்கு மட்டும் முழுசா ஆஃப் பண்ணீருங்க. கண்ட்ரோலர் ஸ்டிக் தேஞ்சு தானா நகர ஆரம்பிக்கறதும் உண்டு, அது ஒரு தனி செலவு.

ரெண்டு மணி நேரம், அதுவும் ஷிஃப்ட் முடிச்சு அலுத்துப்போயி வந்து உக்கார்றீங்க, அதனால நீங்க பிஎஸ் 5 வாங்கறதுதான் செரி. நோண்டறதுல உங்களுக்கே ஆசை இருந்தா மட்டும் பிசி. கான்சோலை குடோன் பக்கத்து ரூம்ல வெக்காம ஆசாரத்துக்கு அந்தக் கடைசில, தரைல இருந்து ரெண்டடி ஒசரத்துல வெய்யுங்க, மாசம் ஒருக்கா வேக்கூம். டிவி ஸ்டேண்டுக்கு கண்ணாடிக் கதவு இருந்தா பஞ்சு போகாதுன்னு சாத்தி வெச்சராதீங்க, சூடு வெளிய போகாது, கதவைக் கழட்டி அட்டாளில போட்டுருங்க.