‘வாசிக்கிறேன், ஆனால் ஒட்டவில்லை’: வேதவாசிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

ஒவ்வொரு ஜனவரியிலும் ஆதியாகமத்தில் தொடங்குகிறேன். லேவியராகமம் வந்ததும் நின்றுபோகிறது. எனக்கு விசுவாசம் குறைவா?

விசுவாசத்தை விடுங்கள், முதலில் கணக்கைப் பாருங்கள். வேதாகமத்தின் 66 புத்தகங்களில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க, நாளொன்றுக்கு மூன்றேகால் அதிகாரம் வாசிக்கவேண்டும். அந்த வேகத்தில் போனால் ஜனவரி 23 வாக்கில் யாத்திராகமம் 25-க்கு வந்துவிடுவீர்கள். ஆசரிப்புக் கூடாரத்தின் முழக்கணக்கும் கொக்கிக்கணக்கும் அங்கேதான் ஆரம்பம். மாதக் கடைசியில் லேவியராகமம். இதற்கிடையே நான்கு நாள் விட்டுப்போயிருந்தால் 13 அதிகாரம் பாக்கி நிற்கும். பலரை நிறுத்துவது லேவியராகமம் அல்ல, இந்தப் பாக்கிதான். பாக்கியை அடைக்க வாசிப்பவர் பக்கத்தைத் தள்ளுவாரே தவிர, கர்த்தரோடு பேசமாட்டார்.

ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மர்ரே மக்செய்ன் 1842-ல் தம் சபைக்கு ஒரு வாசிப்பு அட்டவணை தயாரித்தார். தினமும் நான்கு அதிகாரம். வருடத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறை. அட்டவணை கொடுத்தவரே அதிலுள்ள ஆபத்துகளையும் கூடவே எழுதிவைத்தார்: வெறும் சடங்காகிவிடலாம், சுயநீதி வரலாம், கவனமில்லாமல் வாசிக்கலாம், சிலருக்குச் சுமக்கமுடியாத நுகமாகிவிடலாம். இன்றைக்கு அட்டவணை பரவுகிற அளவுக்கு அந்த எச்சரிக்கை பரவுவதில்லை.

புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் சரியாக முடியும். மீதி இரண்டு நாள், விட்டுப்போனதற்கு. தேதி போட்ட அட்டவணை வேண்டாம். நிறுத்திய இடத்தில் அடையாளத்துக்கு ஒரு நூலிழையை வைத்தால் போதும். முதலில் மாற்கு, 16 அதிகாரம். பிறகு பிலிப்பியர். அது நான்கே அதிகாரமுள்ள கடிதம். கடிதத்தைக் கடிதமாகவே ஒரே மூச்சில் வாசியுங்கள், கால் மணி நேரம் ஆகும். லேவியராகமத்தை எபிரெயர் நிருபம் முடித்த பிறகு எடுங்கள். பாவநிவாரண நாளைச் சொல்லும் 16-ஆம் அதிகாரத்தை எபிரெயர் 9, 10-ஓடு சேர்த்து வைத்துப் பார்த்தால், இரத்தமும் திரையும் எதற்கு என்பது பிடிபடும்.

தவறாமல் வாசிக்கிறேன். தகவல் சேருகிறது, ஆனால் கர்த்தரோடு பேசியதாகத் தோன்றவில்லை. வாசிப்பு முடிந்ததும் வழக்கமான ஜெபக்குறிப்புகளுக்குப் போய்விடுகிறேன்.

உங்கள் கடைசி வாக்கியத்திலேயே கோளாறு இருக்கிறது. அவர் ஒன்றைப் பேசுகிறார், நீங்கள் வேறொன்றைப் பேசுகிறீர்கள். எந்த வீட்டிலும் இப்படி இருவர் பேசிக்கொண்டால் நெருக்கம் வளராது. ஜெபக்குறிப்புகளை அரைமணி தள்ளிவையுங்கள். வாசித்த பகுதிக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ இதை நான்கு படிகளாக எழுதினார்: வாசிப்பு, தியானம், ஜெபம், பிறகு கர்த்தர் சமுகத்தில் அமர்ந்திருத்தல். பெரும்பாலோர் முதல் படியிலிருந்து மூன்றாம் படிக்குத் தாவுகிறார்கள். இரண்டாவதைச் செய்யும் விதத்தை ஒரு பகுதியிலேயே பார்த்துவிடலாம்.

மாற்கு 10:46–52. பர்திமேயு என்ற குருடன், ஏழே வசனம். வாய்விட்டு இருமுறை வாசியுங்கள். கண் தாண்டிப்போவதை நாக்கு தாண்டாது. பிறகு ஒரு தாளில், விளக்கம் எதுவும் சேர்க்காமல், பார்த்ததை மட்டும் எழுதுங்கள். அவன் வழியருகே உட்கார்ந்திருக்கிறான். கூட்டம் அவனை அதட்டுகிறது. இயேசு நிற்கிறார். அதட்டிய கூட்டமே இப்போது ‘திடன்கொள்’ என்கிறது. அவன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்திருக்கிறான். இயேசு கேட்கிறார்: நான் உனக்கு என்ன செய்யவேண்டும்?

இங்கே நிறுத்துங்கள். குருடனிடம் இதைக் கேட்பானேன்? சற்று மேலே, 36-ஆம் வசனத்துக்குக் கண்ணை ஓட்டுங்கள். அங்கே யாக்கோபிடமும் யோவானிடமும் ஏறக்குறைய இதே கேள்வி. அவர்கள் கேட்டது வலதுபக்கமும் இடதுபக்கமும் ஆசனம். பர்திமேயு கேட்டது பார்வை. கூடவே நடந்த சீஷர்கள் ஆசனம் கேட்ட அதே அதிகாரத்தில், பிச்சைக்காரன் பார்வை பெற்று வழியிலே அவருக்குப் பின்செல்கிறான். அந்த வழி எருசலேமுக்கு, சிலுவைக்குப் போகிற வழி.

இனி ஜெபம். அந்தக் கேள்வி உங்களிடம் கேட்கப்பட்டதாக எடுத்துக்கொண்டு, மனதில் முதலில் வருவதைச் சொல்லிவிடுங்கள். ஆசனம்தான் வேண்டும் என்றால் அதையே சொல்லுங்கள், அவருக்குத் தெரியாததல்ல. அலங்கார வார்த்தை தேவையில்லை, ஐந்து வாக்கியம் போதும். பிறகு இரண்டு நிமிடம் ஒன்றும் கேட்காமல் இருங்கள். மனம் அலைந்தால் திட்டிக்கொள்ளாமல், ‘இயேசு நின்றார்’ என்ற இடத்துக்குத் திரும்பிவாருங்கள்.

எழும்போது, இன்றைக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘இன்னும் அன்பாக இருப்பேன்’ என்று எழுதினால் மத்தியானத்துக்குள் மறந்துவிடும். ‘நான் நேற்றுப் பேசவிடாமல் அடக்கியவரை இன்று கூப்பிட்டுக் கேட்பேன்’ என்று எழுதினால், செய்தோமா இல்லையா என்று இரவில் தெரியும். கீழ்ப்படியாத வாசிப்பு மெதுவாகத் தகவலாக மாறிவிடும். உங்கள் புகாருக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எரேமியா 29:11-ஐ வாக்குத்தத்தமாகப் பிடித்துக்கொண்டு வேலைக்காக ஜெபித்தேன். கிடைக்கவில்லை. கர்த்தர் பேசினார் என்று நினைத்தது என் கற்பனைதானா?

அவர் உங்களோடு பேசவில்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். அவனைக் கர்த்தர் அனுப்பவில்லை. எரேமியாவின் கடிதமோ, வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது (5–7). 10-ஆம் வசனம் 70 வருடம் என்கிறது. அதன் பிறகுதான், தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற வாக்கு. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஆகவே இந்த வசனம் உங்கள் வேலைக்குத் தேதி குறிக்கவில்லை. வேலையில்லாத இந்த மாதங்களிலும் அவர் உங்களை மறக்கவில்லை, இருக்கும் இடத்திலேயே நட்டு வளருங்கள் என்கிறது. அதைப் பிடித்துக்கொள்ள உங்களுக்குத் தாராளமாக உரிமை உண்டு.

இனி எந்த வசனம் ‘குதித்து வந்தாலும்’, முன்னும் பின்னும் ஒரு அதிகாரம் வாசியுங்கள். யார் யாருக்குச் சொன்னது என்று எழுதுங்கள். வேறு இடத்தில் வேதம் என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். தேவாலயத்து உப்பரிகையில் பிசாசானவன் 91-ஆம் சங்கீதத்தின் வரிகளையே இயேசுவிடம் சொன்னான். இயேசு அதை மறுக்கவில்லை. ‘என்றும் எழுதியிருக்கிறதே’ என்று உபாகமம் 6:16-ஐ பக்கத்தில் வைத்தார். திருமணம், வேலையை விடுவது, பெரிய பணம் போன்ற முடிவுகளுக்கு ஒரு வசனத்தை மட்டும் நம்பி இறங்கவேண்டாம். உங்களுக்கு ‘இல்லை’ என்று சொல்லக்கூடிய முதிர்ந்த விசுவாசி ஒருவரிடமும் கேளுங்கள்.

சில மாதங்களாக உள்ளே வறட்சி. வேதத்தைத் திறந்தாலே கோபம் வருகிறது. இதை அவரிடம் சொல்லலாமா?

சொல்லலாம். வார்த்தை இல்லாவிட்டால் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். 13-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் ‘எதுவரைக்கும்’ என்று நான்குமுறை வருகிறது. அந்தச் சங்கீதம் கடைசியில் பாட்டாக மாறுகிறது என்பதற்காக, உங்களையும் அன்றைக்கே மாறச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். 88-ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவும் இல்லாமலே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது, ஜெபமாகவே இருக்கிறது. ஒரு மாதம் இந்த இரண்டையும் மாற்றிமாற்றி, தினம் ஒன்று, சத்தமாக வாசியுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

கூடவே தூக்கத்தையும் பாருங்கள். 1 இராஜாக்கள் 19-ல் சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்குத் தூதன் முதலில் கொடுத்தது உபதேசம் அல்ல: அப்பம், தண்ணீர், மறுபடியும் தூக்கம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லை, தூக்கமில்லை, சாவைப் பற்றிய எண்ணம் வருகிறது என்றால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசத்துக்கு விரோதமானதல்ல.

கைக்குழந்தை இருக்கிறது. அதிகாலைத் தியானம் நடக்கிற காரியமே இல்லை. போனில் கேட்டால் போதுமா?

போதும். நிருபங்களைச் சபைகள் பெரும்பாலும் காதால்தான் கேட்டன. கொலோசெயர் 4:16-ஐப் பாருங்கள். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது ஒரே அதிகாரத்தை ஒரு வாரம் முழுக்கக் கேளுங்கள், புதிது புதிதாக வேண்டாம். பகுதியை முன்பே இறக்கிவைத்து, போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் வசனத்தில் யாராவது மெசேஜ் அனுப்புவார்கள்.

வசனம் மனப்பாடம் செய்தால் பத்து நாளில் மறந்துவிடுகிறது. என்ன வழி?

தனித்தனி வசனமாகச் சேர்க்காமல் ஒரு பகுதியை எடுங்கள். 121-ஆம் சங்கீதத்தில் எட்டு வசனம். வாரம் ஒன்று என்றால் இரண்டு மாதம். ‘சங்கீதம் 121:1’ என்பதுபோல அதிகார, வசன எண்ணை வசனத்துக்கு முன்னும் பின்னும் சொல்லுங்கள். பார்த்துப் பார்த்துப் பத்துமுறை வாசிப்பதைவிட, பார்க்காமல் மூன்றுமுறை திணறிச் சொல்வது நன்றாகப் பதியும். மறதி அதிகமாக வருவது வசனத்துக்குள் அல்ல, இரண்டு வசனம் சேருகிற இடத்தில். அதனால் முந்தைய வசனத்தின் கடைசி வார்த்தைகளையும் அடுத்ததன் முதல் வார்த்தைகளையும் சேர்த்தே பழகுங்கள். புதிய வசனத்தைத் தொடுமுன் பழையதை முழுவதும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். புரிந்துகொள்ள எத்தனை மொழிபெயர்ப்பு வேண்டுமானாலும் பாருங்கள். மனப்பாடத்துக்கு மட்டும் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். கலந்தால் இரண்டுமே நிற்காது.