டிவிடியில் கிடக்கும் கல்யாணவீட்டைப் போனுக்கு எடுப்பது: கேள்வி பதில்

வெள்ளவத்தையில் கல்யாணவீடு, சாமத்தியவீடு, அரங்கேற்றம் என்று வீடியோ எடிட் செய்வதுதான் என் தொழில். அண்மைக் காலமாக என்னிடம் வரும் கேள்விகளில் முக்கால்வாசி ஒரே விசயம்: அலுமாரிக்குள் கிடக்கிற டிவிடியைப் போனில் பார்க்கிற மாதிரி மாற்றித் தர ஏலுமா? ஒவ்வொருவருக்கும் சொன்னதை இங்கே சேர்த்துத் தருகிறேன்.

தெஹிவளையிலிருந்து ஒரு அக்கா: எங்கட கல்யாணவீடு 2008 இல நடந்தது. மூண்டு டிவிடி இருக்கு. புது லெப்டொப்பில டிஸ்க் போட இடமே இல்லை. போனில பாக்க என்ன வழி?

யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வேண்டும், அக்கா. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கேட்டுப் பாருங்கள். டிஸ்க்கைத் திறந்தால் ‘வீடியோ டிஎஸ்’ (VIDEO_TS) என்று ஒரு ஃபோல்டர் தெரியும். அதற்குள் வீடியோ இருக்கும் விஓபி (VOB) ஃபைல்கள், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேற்படாமல் துண்டு துண்டாக இருக்கும். பலர் அவற்றை அப்படியே போனுக்குள் போட்டுவிட்டு ‘ஓடவில்லை’ என்கிறார்கள். உள்ளே இருப்பது எம்பெக்-2, வீடியோவைச் சுருக்கும் பழைய முறை. போனோடு வரும் பிளேயர்கள் பல அதை எடுக்காது.

முதலில் அந்த ஃபோல்டரை முழுதாகக் கொம்பியூட்டருக்குக் கொப்பி பண்ணுங்கள். மாற்றுகிற வேலை அதற்குப் பிறகுதான். டிஸ்க்கிலிருந்தே நேராக மாற்ற வெளிக்கிட்டால், ஒரு பிழை வந்ததும் திரும்பத் திரும்ப அந்தப் பழைய டிஸ்க்கைச் சுழற்ற வேண்டி வரும். கொப்பி பண்ணியதை ஹாண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் திறந்து, ‘ஃபாஸ்ட் 576பி25’ என்ற அமைப்பைத் தெரிவு செய்யுங்கள். இலங்கையில் நாங்கள் எடுத்தது ‘பால்’ (PAL) என்ற ரிவி முறை, 576 கோடு, செக்கனுக்கு 25 படம். அதனால்தான் இந்த அமைப்பு. எம்பி4 ஆக வரும், சத்தம் ஏஏசி ஆக வரும், எந்தப் போனும் எடுக்கும். அளவும் பொதுவாகப் பாதிக்குக் கீழே இறங்கிவிடும்.

கொட்டாஞ்சேனைத் தம்பி ஒருவர்: மாத்திப் பாத்தன் அண்ணா. ஆக்கள் அசையேக்க ஓரமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரிக் கோடு கோடா வருது.

நல்ல கேள்வி, தம்பி. பழைய கமராக்கள் ஒரு படத்தை ஒரேயடியாக எடுப்பதில்லை. ஒற்றைக் கோடுகளை ஒருமுறை, இரட்டைக் கோடுகளை செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இன்னொருமுறை என எடுக்கும். கெட்டிமேளம் கொட்டுகிற இடத்தில் நிறுத்திப் பாருங்கள்: தவில்காரரின் கை அந்த இடைவெளிக்குள் நகர்ந்துவிட்டது, அதனால் கை முதலில் நின்ற இடமும் பிறகு நின்ற இடமும் கோடு விட்டுக் கோடு ஒன்றுக்குள் ஒன்று தெரியும். பழைய குழாய் ரிவி இரண்டையும் மாறி மாறிக் காட்டியதால் கண்ணுக்குத் தெரியவில்லை. போன் இரண்டையும் சேர்த்துக் காட்டுகிறது.

ஹாண்ட்பிரேக்கில் ‘ஃபில்டர்ஸ்’ பகுதிக்குப் போய் ‘டீஇன்டர்லேஸ்’ இடத்தில் யாடிஃப், அதற்குள் ‘பொப்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். அப்போது அந்த இரண்டு பாதியும் தனித்தனிப் படமாகி செக்கனுக்கு 50 வரும். வீடியோப் பகுதியில் படவேகம் 25 என்று நின்றால் அதை 50 ஆக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் பாதிப் படங்கள் வீணாகத் தூக்கப்படும். பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்கு நான் இதைக் கட்டாயம் செய்வேன். ஜதி வேகமாகப் போகும்போது கால் அசைவில் வித்தியாசம் அப்படியே தெரியும்.

எல்லாரும் ஒல்லியாத் தெரியினம். ஏன்?

டிவிடியில் பதிவு 720க்கு 576. காட்டும்போது சாதாரணப் படத்தை 768 அகலத்துக்கும், அகலத்திரைப் படத்தை 1024 அகலத்துக்கும் விரிக்க வேண்டும். உங்கள் போனின் பிளேயர் விரிக்கவில்லை. ஹாண்ட்பிரேக்கில் ‘அனமோர்பிக்’ என்பதை நிறுத்திவிட்டுத் திரும்ப மாற்றுங்கள், சரியாகிவிடும்.

வத்தளையிலிருந்து ஒரு ஐயா: மகளின்ர சாமத்தியவீட்டு டிஸ்க். கடைசி இருபது நிமிசம் வாசிக்குதே இல்லை. பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்லுகினம்.

தயவுசெய்து பற்பசை போட வேண்டாம், ஐயா. முதலில் ஏன் கடைசிப் பகுதி என்று சொல்கிறேன். டிவிடி உள்வட்டத்திலிருந்து வெளியே எழுதப்படுவது. நிகழ்ச்சியின் முடிவு வெளி விளிம்பில் இருக்கிறது, நாங்கள் விரல் வைத்துப் பிடிப்பதும் அங்கேதான். மெல்லிய பருத்தித் துணியை இலேசாக நனைத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழுகிற கீறல் ஒரே தடத்தோடு நீளமாகப் போகும், அவ்வளவு நீளமான இழப்பைப் பிளேயரால் ஈடு செய்ய ஏலாது. குறுக்கே விழும் சின்னக் கீறலை அநேகமாகச் சமாளிக்கும்.

துடைத்தும் சரிவராவிட்டால் வேறு டிரைவில் போடுங்கள். என் தங்கையின் டிஸ்க்குக்கும் இதே கதை. வீடியோ எடுத்த ஸ்டூடியோ மேலே அழகான படம் அச்சிட்ட கடதாசியை ஒட்டித் தந்தது. எங்கள் கடற்கரைப் பக்கத்து ஈரத்தில் கடதாசி பொங்கி, டிஸ்க் சுழலும்போது ஆடத் தொடங்கிவிட்டது. இரண்டு டிரைவ் துப்பியது. மூன்றாவது, ஒரு பழைய கொம்பியூட்டரிலிருந்து கழற்றியது, மெதுவாக வாசித்தது. ஆலாத்தி எடுக்கும் காட்சி வந்தபோது அம்மா பக்கத்தில் கதிரை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். அதில் ஆலாத்தி எடுப்பது எங்கள் அம்மம்மா.

லினக்ஸ் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ‘டிடிரெஸ்கியூ’ என்ற மென்பொருளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது வாசிக்கக்கூடியதை முதலில் அள்ளிவிட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பத் திரும்ப வரும்.

சின்ன டிஸ்க் போடுற கமராவில எடுத்தது. கொம்பியூட்டர் ‘வெறும் டிஸ்க்’ எண்டு சொல்லுது.

அழிந்துவிட்டது என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள். ‘ஃபைனலைஸ்’, அதாவது மற்ற மெஷின்களும் வாசிக்கும்படி பதிவை முடித்து வைப்பது, செய்யாமல் விட்டிருப்பார்கள். அதே கமராவில் போட்டு அதைச் செய்தால் போதும். கொம்பியூட்டர் ஃபோர்மட் பண்ணவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். இந்த 8 சென்ரிமீற்றர் டிஸ்க்கை, தட்டு இல்லாமல் உள்ளே இழுக்கும் டிரைவுக்குள் தள்ளவும் கூடாது.

கடையில வாங்கின ஒறிஜினல் படங்களையும் இப்பிடி மாத்தலாமோ?

அவற்றில் பூட்டு இருக்கிறது, ஹாண்ட்பிரேக் தானாக அதைத் திறக்காது. நான் சொல்வதெல்லாம் உங்கள் வீட்டு நிகழ்ச்சிகளுக்கு மட்டும்.

மாத்தின ஃபைல் 5 ஜிபி. மெமரி கார்ட்டுக்குள்ள போகுதில்லை, கார்ட்டில 20 ஜிபி இடமிருக்கு.

கார்ட் ஃபாற்32 முறையில் இருக்கிறது. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஒன்றும் நிற்காது. உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ஃபாற் ஆக ஃபோர்மட் பண்ணுங்கள்.

கனடாவில இருக்கிற தம்பிக்கு வட்ஸ்அப்பில அனுப்பினா மங்கலாப் போகுது.

வீடியோவாக அனுப்பினால் வட்ஸ்அப் அதை இன்னொருமுறை சுருக்கும். ‘டொக்கியூமன்ற்’ ஆக அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும்.

எல்லாம் மாத்தினாப் பிறகு டிஸ்க்கை எறியலாமா?

எறிய வேண்டாம். போனுக்கு மாற்றியது சுருக்கிய பிரதி, அதில் போன தெளிவு திரும்பி வராது. டிஸ்க்கிலிருந்து எடுத்த அந்த முழு ஃபோல்டரை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று சகோதரங்களின் வீட்டில் இருக்கட்டும். ஃபோல்டருக்குப் பெயர் வைக்கும்போது யாருடைய நிகழ்ச்சி, எந்த வருடம், எந்த மண்டபம் என்று தமிழிலேயே எழுதுங்கள். என்னிடம் வருகிற பல டிஸ்க்குகளில் வெறும் ‘1’, ‘2’ என்றுதான் இருக்கிறது. முன்வரிசையில் இருக்கிற பெரியவர்கள் யார் யார் என்று வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் இருத்தி, படத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, அதையும் ஒரு தாளில் எழுதி டிஸ்க் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.