தாத்தா ஏறிய மலைப்பாதையில் மறுபடி ஏறலாமா?

கேள்வி: ஜீப் போக வழி வருவதற்கு முன்னால், களக்காட்டிலிருந்து மலைமேல் இருக்கும் செங்கல்தேரிக்கு என் தாத்தா நடந்தே போன ஒற்றையடிப் பாதை இப்போது புதர் மூடிக் கிடக்கிறதாம். நண்பர்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்த் தேடிப் பார்க்கலாமா? – வாசகர், ஏர்வாடி.

பதில்: தேடலாம், ஆனால் நீங்களாக ஏறிவிடக் கூடாது. அந்தச் சரிவு 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் நுழைவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தாத்தா போன வழி என்பதெல்லாம் அங்கே எடுபடாது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாண்ட பிறகு கெடுபிடி கூடியது. கூட வேண்டியதுதான். களக்காடு கோட்டத் துணை இயக்குநர் அலுவலகத்தில் ஆட்கள் பெயர், தேதி, போக நினைக்கும் வழி எல்லாம் எழுதி மனு கொடுங்கள். மறுத்துவிட்டால், வனத்துறையே வழிகாட்டியோடு கூட்டிப்போகும் மலையேற்றப் பாதைகள் நெல்லைப் பக்கமும் உண்டு. அதில் ஒன்றுக்குப் போய்வாருங்கள்.

அனுமதி கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஊரில் அந்தப் பாதையில் நடந்த பெரியவர்களைப் பார்த்துப் பேசுங்கள். சுமை இறக்கிய இடம் எது, எந்த ஓடையில் தண்ணீர் குடித்தார்கள் என்று கேட்டு வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். வரைபடத்தைவிட அதுதான் கைகொடுக்கும்.

மலையில் புதரைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். சரிவை வெட்டிப் போட்ட பாதை என்றால் உள்பக்கம் மண் செங்குத்தாக நிற்கும். வெளிப்பக்கம் சாந்தில்லாமல் அடுக்கிய கல், பாசி பிடித்து, ஓடை கடக்கும் இடத்தில் இரண்டு மூன்று சரிந்து கிடக்கும். இரு பக்கமும் பெருமரம் இருக்க, நடுவில் மட்டும் தொடைப் பருமனில் இளமரங்கள் வரிசையாக நின்றால் அதுவே பழைய தடம். சுமையோடு ஏறியவர்கள் போட்ட பாதை சீராகத்தான் ஏறும். திடீரென்று நெட்டுக்குத்தாக ஏறினால் நீங்கள் மிளா என்கிற கடமானின் தடத்திலோ மழைத்தண்ணீர் அரித்த வழியிலோ இருக்கிறீர்கள். திரும்பி வந்து கடைசிக் கல்லிலிருந்து மறுபடி தேடுங்கள்.

இன்னொன்று முக்கியம். ஆள் நடமாட்டம் நின்ற பாதையில் இப்போது யானை நடக்கிறது. அதற்கும் சீரான ஏற்றம்தான் வசதி. ஒடித்துப் போட்ட கிளையில் இலை வாடாமல் இருந்தால், சாணம் ஈரமாக இருந்தால், பேச்சை நிறுத்திவிட்டுக் கூட வரும் வனக்காவலர் சொல்வதைக் கேளுங்கள். அவர் திரும்பச் சொன்னால் திரும்ப வேண்டியதுதான், வாதாடக் கூடாது. புதரை வெட்டி வழி எடுப்பதும் பாறையில் பெயிண்ட் அடிப்பதும் அறவே வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் ஏறாதீர்கள். களக்காட்டில் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்து ஓடை பெருகிவிடும். மாசி பாதிக்கு மேல் தீ பயம். தை மாதம் நல்லது. அப்போதும் நம் பக்கம் கிழக்குச் சரிவு என்பதால் மாலையில் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். அதனால் எந்த இடத்தில் இருந்தாலும் பன்னிரண்டு மணிக்கு இறங்க ஆரம்பித்துவிடுங்கள்.