கறுப்பாக இருந்தால் ஸ்டவுட் ஆகிவிடுமா?

கேள்வி: அண்ணா, லயன் ஸ்டவுட் (இலங்கையின் கறுப்பு பீர்) மாதிரிக் கனமாக ஒன்று வீட்டில் காய்ச்ச ஆசை. ஸ்டவுட் கிட் (காய்ச்சுவதற்கான பாகு டின்) ஒன்று வாங்கினேன். 1.7 கிலோ டின்னோடு ஒரு கிலோ சீனி போட்டு 23 லீட்டர் ஆக்கச் சொல்லியிருந்தது, அப்படியே செய்தேன். நிறம் வந்தது, வாயில் தண்ணீர்தான். எங்கே பிழை?
– வாசகர், லெஸ்டர்

பதில்: பிழை சீனியில், தம்பி. சீனி முழுவதையும் ஈஸ்ட் தின்று தீர்த்துவிடும். மிஞ்சுவது சாராயம் மட்டும்தான். மால்ட் எக்ஸ்ட்ராக்டில் (முளைகட்டிய பார்லியின் பாகு) ஈஸ்டால் தின்ன முடியாத பங்கு ஒன்று இருக்கிறது, நாக்கில் கனமாக நிற்பது அதுதான். உங்கள் கணக்குக்குச் சாராயம் 4 சதவீதம் வந்திருக்கும். லயன் 8.8.

கிட்டை விடுங்கள். 19 லீட்டருக்கு ஹொப்ஸ் (பீருக்குக் கசப்புத் தரும் பூ) சேர்க்காத 1.5 கிலோ மால்ட் டின் இரண்டு, உலர்ந்த மால்ட் தூள் ஒன்றரைக் கிலோ. சீனி வேண்டாம். இதற்கு மேல் வறுத்த பார்லி 400 கிராம், கிரிஸ்டல் மால்ட் 300, சொக்லேட் மால்ட் 200 (பெயர் நிறத்துக்குத்தான், சொக்லேட் இல்லை). கோப்பி வாசம் தருவது அந்த வறுத்த பார்லி. தானியத்தை மாவாக்காமல் ஒன்றிரண்டாக உடைத்துத் துணிப்பையில் கட்டி, 65–70 பாகை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். தேத்தண்ணி போடுகிற மாதிரிதான். பையைப் பிழியாதீர்கள், கொதிக்கவும் விடாதீர்கள். உமியின் துவர்ப்பு இறங்கிவிடும்.

பை வெளியே வந்ததும் ஒரு டின்னை மட்டும் ஊற்றிக் கொதிக்க வையுங்கள். ஊற்றும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாகு அடியில் போய்க் கருகும். வீடு முழுக்க ஹோர்லிக்ஸ் வாசம் வரும். அதுவும் முளைகட்டிய பார்லிதானே. டார்கெட் ஹொப்ஸ் 60 கிராம், ஒரு மணி நேரக் கொதி. மற்ற டின்னும் தூளும் கடைசிப் பத்து நிமிடத்தில். எங்கள் அடுப்படிப் பானைகளில் பத்து லீட்டருக்கு மேல் கொதிக்க வைக்க முடியாது. அந்தக் கொஞ்சத் தண்ணீரில் எல்லா மால்ட்டையும் முதலிலேயே கொட்டினால் ஹொப்ஸின் கசப்பு ஒழுங்காக இறங்காது. பிறகு பானையைச் சிங்கில் குளிர்நீரில் வைத்து ஆறவிட்டு, வாளிக்கு மாற்றி 19 லீட்டருக்கு நிரப்புங்கள். ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி அளக்கும் கருவி, வெறும் தண்ணீருக்கு 1.000) 1.080 பக்கமாகக் காட்டும்.

ஈஸ்ட் 11 கிராம் பக்கெட் இரண்டு, 18–20 பாகை. முதல் இரண்டு நாள் வாளி மூடியில் ஏர்லொக்குக்கு (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) பதிலாகத் தடித்த குழாய் ஒன்றைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர்ப் போத்தலில் விடுங்கள். என் முதல் ஸ்டவுட்டில் நுரை பொங்கி ஏர்லொக்கை அடைத்து, இரவு இரண்டு மணிக்கு மூடி பறந்தது. கூரையில் இருந்த கறையை மனைவி இரண்டு வருடம் வெள்ளையடிக்க விடவில்லை, வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம்.

கேள்வி: பத்து நாளாக 1.030-இல் நிற்கிறது. போத்தலில் அடைக்கலாமா?

பதில்: அடைக்கவே வேண்டாம், ஈஸ்ட் தின்ன இன்னும் மிச்சமிருக்கிறது, போத்தல் வெடிக்கும். வாளியைக் கொஞ்சம் சூடான அறைக்கு மாற்றி, திறக்காமல் மெல்லச் சுழற்றிவிடுங்கள். 1.020 பக்கம் இறங்கி, மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அதே எண் காட்டினால்தான் முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் 19 லீட்டருக்கு 100 கிராம் சீனி கரைத்துப் போத்தலில் அடையுங்கள். (ஆம், சீனிக்கு இங்கே மட்டும் இடமுண்டு.) மூன்று மாதம் தொடாதீர்கள். நான் எப்போதும் ஒரு மாதத்தில் ஒன்றைத் திறந்துவிட்டு, ஏன் திறந்தோம் என்று நினைப்பவன்.

கேள்வி: லீவுக்கு ஊருக்குப் போகும்போது அங்கேயும் காய்ச்சலாமா?

பதில்: பிரிட்டனில் 1963 முதல் சொந்தக் குடிக்குக் காய்ச்ச லைசென்ஸ் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் காய்ச்சினால் வழக்கு. ஊரில் லயனே கிடைக்கிறது, வாங்கிக் குடியுங்கள்.